கையேட்டுக்கான வாசகம், ஏழாவது திருத்தம்

"கறைபடாத கடல்" என்று எழுதியிருந்தேன்.
மண்டல அலுவலகத்தில் எல்லோருக்கும்
பிடித்துப்போயிற்று.
துறை பார்க்கும் பிர்யோவுக்கு மட்டும் இல்லை.
"கறையைக் கழுவுகிறவள் நான்.
படாத கடலென்றால்
எனக்கு எதற்குச் சம்பளம்?"
தொலைபேசியில் காற்று இரைந்தது.

ஜூன் கடைசி வாரம்
கேமராவோடு யார்மோவும்
அடித்தல் திருத்தலோடு நானும்
வால்கொலெத்தோ தீவுக்குப் போனோம்.
போத்னியா வளைகுடாவின் வட மூலை.
இரவு பதினொன்றுக்கும் வெயில்,
தூங்கப் போக மறந்த குழந்தை மாதிரி.
கடலைக் கையில் அள்ளி நாக்கில் விட்டுப் பார்த்தேன்.
உப்பில்லாப் பண்டம்தான்.
ஆனால் குப்பையிலே போடமுடியாத பண்டம்:
குப்பை இதற்குள் விழுந்தால்
அலசி எடுக்க ஆழமில்லை,
வெளியே தள்ள வாசல்
எங்கோ தெற்கே, அதுவும் இடுக்கு.

நிலம் இங்கே எழுந்துகொண்டிருக்கிறது.
பழைய பனியின் பாரம் இறங்கிய முதுகு,
ஆண்டுக்கு ஒரு நெல் நீளம் நிமிர்கிறது.
படகுத்துறையை இருமுறை நீட்டியாயிற்று.
கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கு
இந்தக் கரையில் பிறந்திருந்தால்
ஓரளவு நம்பிக்கையோடு செத்திருக்கும்.

துறையின் முகப்பில் ஒரு மஞ்சள் பெட்டி.
படகுகளின் கழிவறைத் தொட்டியை
உறிஞ்சி எடுக்கும் பம்பு.
"இதைக் கொஞ்சம் நகர்த்தலாமா?
சட்டத்துக்குள் விழுகிறது" என்றான் யார்மோ.
"கல்யாணப் படத்தில்
பெண்ணை நகர்த்துவாயா?" என்றாள் பிர்யோ.

அப்போதுதான் வந்தது
ஸ்வீடன் கரையிலிருந்து ஒரு பாய்மரப் படகு.
பாயைச் சுருட்டி
மின்மோட்டாரில் சத்தமில்லாமல் நெருங்கியது.
கயிறு எறியுமுன்னே
அதிலிருந்த பெண் கேட்டாள்:
"பம்பு வேலை செய்கிறதா?"
பிர்யோ யார்மோவைப்
பார்க்காமலே பார்த்தாள்.
பிறகு ரப்பர் கையுறை, குழாய்,
களக் களக்கென்று ஒரு நீண்ட விழுங்கல்.
நாற்றத்தைப் பற்றி
கையேட்டில் எழுத வழியில்லை.
நான் ஒரு வரி எழுதி, அடித்தேன்.

துறையின் கோடியில்
இரண்டு இடங்களைக் கயிறு கட்டி மறித்திருந்தாள்.
பலகையில் கையெழுத்து: ஆள் இருக்கிறது.
ஆள் என்றால் ஆலா.
பூமியின் அடிமுனையிலிருந்து பறந்து வந்து
துறைக்கட்டணம் செலுத்தாமல்
பலகை இடுக்கில் இரண்டு முட்டை இட்டிருக்கிறது.
எட்டிப் பார்த்த யார்மோவின் உச்சந்தலையில்
ஒரே கொத்து.
ரத்தம் காதுவரை வந்தது.
பிர்யோ அந்தப் பக்கம் போகும்போது
துடைப்பத்தைத் தலைக்குமேல்
நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொள்கிறாள்.
உயரமாய் இருப்பதைத்தான் கொத்துமாம்.
எங்கள் இயக்குநரிடம்
இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

"நாற்பது படகுகளுக்கு இடம்" என்றிருந்ததை
முப்பத்தெட்டு என்று மாற்றி அனுப்பினேன்.
பதில் வந்தது:
முழு எண்ணாக இருந்தால் நன்றாக இருக்கும்.
குஞ்சுகள் பறந்த பிறகு நாற்பது ஆகும் என்றேன்.
அச்சுக்கு அதற்கு முன்பே போகிறது என்றார்கள்.
முப்பத்தெட்டிலேயே நின்றேன்.
ஏன் நின்றேன் என்று
யாருக்கும் விளக்கவில்லை,
எனக்கும்.

அட்டைக்கு அந்த வெயிலைத்தான் எடுத்தார்கள்.
பம்பு பதினோராம் பக்கத்தில்,
தபால்தலை அளவில்.
"கறைபடாத" போய்விட்டது.
அந்த இடத்தில் ஆறு சொற்களை வைத்துப் பார்த்தேன்,
ஒன்றும் உட்காரவில்லை.
இப்போதைக்கு
"கடல்" என்று மட்டும் இருக்கிறது.

கடைசிப் படியை பிர்யோவுக்கு அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி:
"முப்பத்தெட்டு என்றதும்
குழாயின் விட்டம் என்று நினைத்துவிட்டேன்.
அதுவும் முப்பத்தெட்டுதான், மில்லிமீட்டரில்.
அதையும் போடு.
வருகிறவர்கள்
முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்."